தட்டை உடைத்தவர்கள்

ஹாங்க் ஆரனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 755 என்கிற எண்ணில்தான் தொடங்குகிறார்கள். நான் ஒரு சாப்பாட்டுத் தட்டில் தொடங்குகிறேன்.

1952. ஆரனுக்கு 18 வயசு. இண்டியானபோலிஸ் கிளவுன்ஸ் என்கிற கறுப்பர் அணியோடு பேருந்தில் ஊர் ஊராகப் போய் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த நேரம். வாஷிங்டனில், அதாவது உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுக்கிற நாட்டின் தலைநகரத்தில், மைதானத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் இந்தப் பையன்கள் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். வெளியே மழை. சாப்பிட்டு முடிக்கிறார்கள். உள்ளே சமையற்கட்டிலிருந்து சத்தம் வருகிறது. தட்டுகளை உடைக்கிறார்கள். இவர்கள் சாப்பிட்ட தட்டுகளை. நாய் தின்ற தட்டாக இருந்தால்கூட கழுவித்தான் வைத்திருப்பார்கள் என்று பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் ஆரன் சொல்கிறார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒரு தலித்துக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவையில்லை. காசை வாங்கிக்கொண்டார்கள், சோறும் போட்டார்கள், பிறகு தட்டை உடைத்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் கூரையில் செருகி வைத்திருந்த தனிக் குவளையை எடுத்து, குடித்து, நாமே கழுவி, திரும்ப அதே இடத்தில் செருகிவிட்டு வரணும். அதுக்கு முந்தின தலைமுறைக்குக் கொட்டாங்கச்சி. அமெரிக்கா பணக்கார நாடு, ஆளுக்கொரு தட்டை உடைக்க அங்கே கட்டுபடியாகிறது. இங்கே கட்டுபடியாகாது. அதனால் தனிக் குவளை வைத்து, கழுவுகிற வேலையையும் நம்ம தலையிலேயே கட்டினார்கள். தீட்டு என்ற சொல் அமெரிக்க அகராதியில் இல்லை என்று நமக்குப் பாடம் எடுக்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். அது நிறம், இது சாதி, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க என்பார்கள். வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கை, கேரளத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தலித் மாணவர்கள் முன்னால் நிறுத்தி, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற இன்னொரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அதுதான் என்று ஒத்துக்கொண்டார். 1965இல் இதை அவரே தன் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். கிங் ஒத்துக்கொண்ட பிறகு நான் அறிஞர்களிடம் அனுமதி கேட்கப் போவதில்லை.

ஆட்டத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாதது. கிரிக்கெட்டின் தூரத்துச் சொந்தம். ஒருத்தர் பந்தை எறிவார், மட்டைக்காரர் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வரணும். வேலியைத் தாண்டி அடித்துவிட்டால் யாரும் தடுக்க முடியாது, நிதானமாகச் சுற்றி வரலாம். அதுதான் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. ஒரு பருவத்தில் 40 ஹோம் ரன் அடித்தால் பெரிய ஆள். ஆரன் 23 பருவங்கள் ஆடி மொத்தம் 755 அடித்தார். அதில் எந்த ஒரு பருவத்திலும் 47க்கு மேல் அடித்ததில்லை. வாணவேடிக்கை கிடையாது. வருசா வருசம், வெயிலில் வேலைக்குப் போகிறவன் மாதிரி போய் அடித்துவிட்டு வந்தார். அந்த 755ஐ மொத்தமாகக் கழித்துப்போட்டாலும் அவர் கணக்கில் 3,000க்கு மேல் அடிகள் மிஞ்சும். ஓடிக் கடந்த மூலைகளின் கணக்கில் 6,856. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கிற ஸ்டான் மியூசியலைவிட 722 அதிகம். மூலைக்கு மூலை 90 அடி தூரம் என்று கணக்குப் போட்டால் 12 மைலுக்கு மேல் வருகிறது. அதாவது இரண்டாவது ஆளைவிட 12 மைல் முன்னால் நிற்கிறார். அணிக்கு ரன் சேர்த்துக் கொடுத்த கணக்கில் 2,297. அதுவும் இன்றுவரை முதலிடம்.

1934 பிப்ரவரி 5ஆம் தேதி அலபாமா மாநிலம் மொபீலில் பிறந்தவர். அப்பா ஹெர்பர்ட் கப்பல் பட்டறைத் தொழிலாளி. 1943 மே மாதம் அந்த ஊர்க் கப்பல் பட்டறையில் கறுப்பர்கள் 12 பேருக்கு வெல்டராகப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்பதற்காக வெள்ளைத் தொழிலாளர்கள் திரண்டு கறுப்பர்களை அடித்தார்கள். நம்மாள் ஒருத்தன் மேலே வந்தால் கலவரம் என்பது எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கு. கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் தெருவில் ஊர்வலம் வரும்போது அம்மா எஸ்டெல்லா பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் ஒளியச் சொல்வார். அந்த அம்மாவை ஞாபகத்தில் வையுங்கள். 1974இல் திரும்ப வருவார்.

மட்டை வாங்கக் காசில்லை. குச்சியை வைத்து சோடா மூடிகளை அடித்துப் பழகினான் பையன். யாரும் சொல்லிக்கொடுக்காததால் ரெண்டு கையையும் மாற்றிப் பிடித்து அடித்தான். வலக்கைக்காரன் வலக்கையை மேலே வைக்கணும், இவன் இடக்கையை மேலே வைத்திருந்தான். கிளவுன்ஸில் சேர்ந்த நாட்களிலும் அந்தப் பிடிதான். அப்படிப் பிடித்துக்கொண்டே எல்லாரையும்விட நன்றாக அடித்தான்.

1952இல் பிரேவ்ஸ் அணி அவரைக் கிளவுன்ஸிடமிருந்து 10,000 டாலருக்கு வாங்கியது. 1953இல் கீழ்மட்ட அணியான ஜாக்சன்வில்லுக்கு அனுப்பினார்கள். தெற்கத்தி மாநிலங்களின் ஸாலி லீகில் நிறச்சுவரை உடைத்த முதல் ஐந்து பேரில் ஒருவர். கூடவே ஃபெலிக்ஸ் மான்டியா, ஹொரேஸ் கார்னர். அந்தப் பருவத்தில் சராசரி .362, லீகின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். ஆனால் வெள்ளை ஆட்டக்காரர்கள் உணவகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடும்போது இவர்கள் மூவரும் பேருந்துக்குள் காத்திருக்கணும். ராத்தங்கல் கறுப்பர் குடும்பங்களின் வீடுகளில். இந்தப் பையன் எல்லாப் பட்டியலிலும் முதலிடம், ஓட்டல் அறை கிடைப்பதில் மட்டும்தான் இல்லை என்று அப்போதே ஒரு விளையாட்டு எழுத்தாளர் கேலியாக எழுதினார். ஐந்து பேர் சேர்ந்து ஒரு லீகின் சுவரை உடைத்த கதை ஜாக்கி ராபின்சன் கதை அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. ராபின்சன் 1947 ஏப்ரல் 15ஆம் தேதி புரூக்ளினில் இறங்கியதோடு நிறவெறி முடிந்தது என்று எழுதிவிட்டால் வெள்ளை அமெரிக்காவுக்கு வசதி. ஆறு வருசம் கழித்து ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் மூணு பேர் பேருந்துக்குள் பசியோடு உட்கார்ந்திருந்ததை எழுதினால் வசதிக்குறைவு.

இனி விமரிசனத்துக்கு வருகிறேன். ஆரனைப் பற்றிப் பத்திரிகைகள் ஐம்பதுகளில் எழுதியதைப் பார்த்தால் ஒரே சொல் மாறி மாறி வரும்: இயற்கை. இயற்கையான திறமை, பிறவியிலேயே வந்த மணிக்கட்டு, யோசிக்காமல் அடிப்பவர், தூங்கி வழிந்துகொண்டே நடப்பவர். 1956இல் ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகையில் வந்த கட்டுரை அவரை ஆடுவதற்கென்றே பிறந்த, மற்றபடி ஒண்ணும் தெரியாத ஆளாகக் காட்டியது. அணியின் மேலாளர் சார்லி கிரிம் அவருக்கு வைத்த பட்டப்பெயர், பழைய சினிமாவில் சோம்பேறிக் கறுப்பனாக வேடம் கட்டிய நடிகரின் பெயர். பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர் ஹென்றி. 'ஹாங்க்' என்பது அணியின் விளம்பர அதிகாரி பத்திரிகைகளுக்காகப் பழக்கிவிட்டது.

உண்மையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தன் முறை வருவதற்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முகத்துக்கு முன்னால் பிடித்து, அதிலுள்ள காற்றோட்டத் துளை வழியாகப் பந்து எறிகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். மைதானம், கூட்டம், இரைச்சல் எதுவும் கண்ணில் படாது. அந்த ஆளின் கை, விரல், தோள் மட்டும். இந்த நிலைமையில் இவன் அடுத்து எந்தப் பந்தை எறிவான் என்று கணித்து, அதற்காகவே காத்திருந்து அடித்தார். ஒவ்வொரு எறிகாரரும் தன்னை எப்படி அவுட் ஆக்கினார் என்பது வருசக்கணக்கில் அவர் நினைவில் இருந்தது. இது படிப்பு. இருபது வருசம் விடாமல் படித்த படிப்பு. இதைத் தூக்கம் என்று எழுதினார்கள்.

இந்த 'இயற்கை' என்ற சொல்லில் நாம் கொஞ்சம் நின்று போகணும். பறை அடிக்கிறவரைப் பார்த்து, இது உங்க ரத்தத்துலயே இருக்குங்க என்று சொல்கிறவர்கள் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சங்கீதம் சாதகம், எங்கள் அடி ரத்தம். உங்களுடையது அறிவு, எங்களுடையது உடம்பு. புகழ்வதுபோல மூளையைப் பறித்துக்கொள்கிற வேலை இது. 1987 ஏப்ரலில், ராபின்சன் வந்து 40 வருசம் ஆனதையொட்டி நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், டாட்ஜர்ஸ் அணியின் உயர் அதிகாரி ஆல் கேம்பனிஸ், அணியை நிர்வகிக்கத் தேவையான ஏதோ ஒன்று கறுப்பர்களிடம் இல்லாமலிருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். வேலை போனது. ஆனால் அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஐம்பதுகளின் விளையாட்டுப் பக்கங்கள் பாராட்டாக எழுதியதைத்தான் அவர் நேரடியாகச் சொன்னார்.

1957 செப்டம்பர் 23. மில்வாக்கியில் 11ஆவது இன்னிங்ஸில் ஆரன் அடித்த ஹோம் ரன் பிரேவ்ஸ் அணிக்கு லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. வெள்ளை ஆட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே நாள் காலையில் ஆர்கன்சாவில், லிட்டில் ராக் மத்தியப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பக்கவாசல் வழியாக நுழைந்தார்கள். வெளியே கூடிய வெள்ளைக் கும்பல் கறுப்பினப் பத்திரிகையாளர்களை அடித்தது. மத்தியானத்துக்குள் பிள்ளைகளைப் போலீஸ் வெளியே கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. ஒரே நாடு, ஒரே தேதி. அந்த வருசம் பிரேவ்ஸ் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்து உலகத் தொடரை ஜெயித்தது. ஆரன் அந்தத் தொடரில் .393 சராசரி, மூன்று ஹோம் ரன். லீகின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். ஆனால் வருசா வருசம் வசந்தகாலப் பயிற்சிக்கு ஃப்ளோரிடா போனால் வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு ஓட்டல், ஆரனுக்கும் மற்ற கறுப்பர்களுக்கும் ஒரு கறுப்பினப் பள்ளி ஆசிரியை வீட்டில் இடம். தோளில் தூக்குவதற்கும் பக்கத்து அறையில் படுக்க விடுவதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை நமக்கு யாரும் அளந்து காட்ட வேண்டாம்.

1966இல் அணியே தெற்கே அட்லாண்டாவுக்குப் பெயர்ந்தது. ஆரனுக்கு விருப்பமில்லை. ஓடிவந்த தெற்குக்கே திரும்பணும். அந்த அட்லாண்டா ஸ்டேடியம் கறுப்பர்கள் வாழ்ந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளிய இடத்தில் கட்டினது. அதன் பார்வையாளர் பகுதியில் ஒரு செவ்விந்தியக் கூடாரம் போட்டு, தலைவர் வேடம் கட்டின ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். ஹோம் ரன் அடித்தால் அவர் ஆடணும். 'பிரேவ்ஸ்' என்ற பெயரே நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பெயர். யார் பெயரையோ சட்டையில் தைத்துக்கொண்டு, யார் வீட்டையோ இடித்த மண்ணில் நின்று ஒரு கறுப்பன் அடித்த அடிகள்தான் இந்தச் சாதனை. அதைக் கொண்டாடுகிற நாமும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

1973 பருவ முடிவில் ஆரனின் கணக்கு 713. பேப் ரூத்தின் 714க்கு ஒன்று குறைவு. ரூத் 1935இல் விட்டுப்போன எண் அது. வெள்ளை அமெரிக்காவின் குலசாமி அவர். அந்தக் குலசாமியைத் தாண்டப்போகிறவன் ஒரு கறுப்பன் என்றதும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. 1973இல் மட்டும் சுமார் 9,30,000 கடிதங்கள். அரசியல்வாதி அல்லாத ஒருவருக்கு வந்த கடிதங்களில் இதுதான் அதிகம் என்று அஞ்சல் துறையே கேடயம் கொடுத்தது. எல்லாம் வசைக் கடிதங்கள் அல்ல. விசயம் வெளியே தெரிந்ததும் ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. ஆனால் கொன்றுவிடுவோம் என்பவையும் மூட்டை மூட்டையாக வந்தன. எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தத் துப்பாக்கியால் என்கிற அளவுக்கு எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்தப்போவதாக மிரட்டல். எஃப்.பி.ஐ. விசாரித்தது. கூடவே ஒரு போலீஸ்காரர் பாதுகாப்புக்கு. அணி தங்குகிற ஓட்டலில் சேர்ந்து தங்க முடியாது. மைதானத்தின் பின்வாசல் வழியாக வெளியேறணும். உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய இரங்கல் குறிப்பை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள்.

அந்தப் பருவத்தில், 39 வயசில், அவர் 40 ஹோம் ரன் அடித்தார்.

ரூத் ரசிகர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். ரூத் 714ஐ எட்ட எடுத்துக்கொண்ட வாய்ப்புகளைவிட ஆரன் ஏறத்தாழ 3,000 வாய்ப்புகள் அதிகம் எடுத்துக்கொண்டார் என்று. கணக்கு சரிதான். என் கேள்வி வேறு. ரூத் ஆடிய லீகில் கறுப்பர் ஒருத்தர்கூடக் கிடையாது. ஆரன் பிறந்த அதே மொபீலில் பிறந்த சாட்செல் பெய்ஜ் போன்ற எறிகாரர்களை ரூத் ஒரு லீக் ஆட்டத்தில்கூட எதிர்கொள்ளவில்லை. போட்டியில் பாதிப்பேரைச் சேரிக்குள்ளேயே அடைத்துவைத்துவிட்டு எடுத்த மார்க் அது. பொதுப் போட்டி, தகுதி, திறமை என்று பேசுகிறவர்களின் வாதத்தை நாம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? கதவைச் சாத்திவிட்டு எடுத்த முதலிடத்துக்குப் பெயர் தகுதி. கதவைத் திறந்தபின் எல்லாரோடும் மோதி எடுத்ததற்கு, வாய்ப்பு அதிகம் கிடைத்துவிட்டது என்று பேச்சு.

1974 ஏப்ரல் 4. சின்சினாட்டியில் பருவத்தின் முதல் ஆட்டம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட நாள். ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிசம் மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று ஆரன் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் அடித்தது 714. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 8, அட்லாண்டா, 53,775 பேர். டாட்ஜர்ஸின் அல் டவுனிங் எறிந்த பந்து வேலியைத் தாண்டியது. 715. டவுனிங்கும் கறுப்பர், அவர் சட்டையிலும் ஆரனைப் போலவே 44 என்ற எண். ஆரன் சுற்றி ஓடிவரும்போது ரெண்டு வெள்ளைப் பையன்கள் வேலி தாண்டிக் குதித்துப் பக்கத்தில் ஓடிவந்து தோளில் தட்டினார்கள். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து எல்லாரும் நெகிழ்கிறார்கள். கொலை மிரட்டல் இருக்கிற ஒரு மனுசனுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் ஓடிவருகிறார்கள் என்று அந்தப் படத்தைப் பாருங்கள். புறப்பட்ட மூலைக்கு வந்து சேர்ந்ததும் அம்மா எஸ்டெல்லா ஓடிவந்து மகனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். விடவே இல்லை. சுடுவதானால் என்னையும் சேர்த்துத்தான் சுடணும் என்பதால்தான் அந்தப் பிடி என்று பின்னால் தெரிந்தது. கிளான் வரும்போது பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்த அதே அம்மா.

பேஸ்பாலின் தலைமை ஆணையர் போவி கூன் அங்கே இல்லை. கிளீவ்லாந்தில் ஒரு ரசிகர் சங்க விருந்துக்குப் போயிருந்தார். தன் சார்பில் மான்ட்டி இர்வினை அனுப்பியிருந்தார், அவரும் கறுப்பர். கூனின் பெயரை இர்வின் சொன்னதும் கூட்டம் ஊளையிட்டது. ஆரன் இதை மறக்கவும் இல்லை, மன்னிப்பதாக நடிக்கவும் இல்லை.

2021 ஜனவரி 22ஆம் தேதி, 86 வயதில், ஆரன் இறந்தார். அஞ்சலிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரு சொல்: கண்ணியம். எவ்வளவு பொறுமை, எவ்வளவு அமைதி, ஒருபோதும் கசப்பைக் காட்டாதவர். எனக்கு இந்த இடத்தில்தான் எரிச்சல் வருகிறது. கசப்பைக் காட்டாதவரா? அந்தக் கடிதங்களை அவர் எரிக்கவில்லை. பெட்டிகளில் போட்டு வீட்டுப் பரணில் வைத்திருந்தார். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, மறந்துபோகக்கூடாது என்பதற்காக என்றார். 1974 ஜூலையில் அட்லாண்டா தன் மேலாளரை நீக்கியபோது அந்த வேலைக்கு ஆரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தன்னைக் காயப்படுத்தியதை அவர் மறைக்கவில்லை. ஆட்டத்தை விட்டபின் அதே அணியின் நிர்வாகத்தில் இருந்துகொண்டே, கறுப்பர் மேலாளர் எங்கே, கறுப்பர் பொது மேலாளர் எங்கே என்று வருசா வருசம் கேட்டார். அப்போது அவரைக் கசப்பானவர், நன்றி கெட்டவர் என்றுதான் எழுதினார்கள். 1982இல் புகழ் மண்டபத்துக்கான வாக்கெடுப்பில் 415 பேரில் 9 பேர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. 755 பத்தவில்லை அவர்களுக்கு.

உயிரோடு இருக்கும்போது கசப்பு, செத்தபின் கண்ணியம். ரெண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான். அடி வாங்கினவன் அழகாக வாங்கினான் என்று சொல்வதில் அடித்தவன் பெயர் மறைந்துபோகிறது.

அவருடைய வாழ்க்கை வரலாறு 'ஐ ஹேட் எ ஹேமர்' 1991இல் வந்தது. 'சம்மட்டி' என்பது அவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். லோனி வீலர் என்கிற வெள்ளைப் பத்திரிகையாளர் உடனிருந்து எழுதியது. பாமாவின் 'கருக்கு' வந்த 1992க்கு ஒரு வருசம் முந்தி. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. ஒன்று தன் கையாலேயே எழுதியது, மற்றது சொல்லி எழுத வைத்தது. பேனா அடுத்தவர் கையில் இருக்கும்போது எது வடிகட்டப்படுகிறது என்பது நம் வட்டாரத்தில் பழைய சண்டை. ஆரன் புத்தகத்திலும் வடிகட்டல் இருக்கத்தான் செய்கிறது. பருவம் பருவமாக ஆட்டக் கணக்குகள் வந்து சாட்சியத்தை மூடிக்கொள்கிற பக்கங்கள் நிறைய. ஆனால் ஒரு காரியத்தை அந்தப் புத்தகம் துணிச்சலாகச் செய்தது. வந்த வசைக் கடிதங்களை, அசிங்கமான வார்த்தைகளோடு, அப்படியே அச்சில் போட்டது. ஆரன் தன் கோபத்தைத் தன் வாயால் சொல்வது குறைவு. வெள்ளை அமெரிக்காவின் கையெழுத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறார். எந்தப் பகுதி இலக்கியம் என்று கேட்டால் நான் அந்தக் கடிதப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

புத்தகத்தில் எனக்குப் போதாமல் இருப்பது கிளவுன்ஸ் பற்றிய பகுதி. பெயரைப் பாருங்கள்: கோமாளிகள். முப்பதுகளில் அந்த அணியினர் முகத்தில் சாயம் பூசி, புல் பாவாடை கட்டிக்கொண்டு ஆடினார்கள். திறமையாக ஆடினால் மட்டும் போதாது, வெள்ளைக்காரன் சிரிக்கவும் வேண்டும், அப்போதுதான் டிக்கெட் விற்கும். ஆரன் சேர்ந்தபோதும் ஆட்டத்துக்கு நடுவே வேடிக்கை காட்டுகிறவர்கள் இருந்தார்கள். கூத்துக் கட்டிச் சிரிக்க வைத்துக் கூலி வாங்கின நம் தாத்தாக்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த அணி வெறும் படிக்கட்டாகத் தெரியாது. இன்னொன்று. 1953இல் ஆரன் விட்டுப்போன அணியில் இரண்டாம் மூலைக் காவலுக்கு வந்தவர் டோனி ஸ்டோன், ஒரு கறுப்பினப் பெண். ஆண்களோடு சரிசமமாக, முழுநேர ஆட்டக்காரராக. டிக்கெட் விற்பதற்குத்தான் அவரைச் சேர்த்தார்கள் என்பது உண்மை. பாவாடை கட்டி ஆடச் சொன்னார்கள், அவர் மறுத்துக் கால்சட்டையோடுதான் ஆடினார் என்பதும் உண்மை. ஆரனுக்கு வெளியே ஒரு பெரிய லீக் காத்திருந்தது. ஸ்டோனுக்கு எங்கேயும் எதுவும் காத்திருக்கவில்லை. கறுப்பின வரலாற்றிலும் பெண்ணுக்குக் கிடைப்பது அடிக்குறிப்புதான்.

2024 மே மாதம் பேஸ்பால் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. 1920 முதல் 1948 வரையான கறுப்பர் லீக் ஆட்டங்களின் கணக்கைத் தன் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு முதல்தர லீக் ஆட்டத்தைக்கூட ஆட விடாமல் 1947இல் சாகவிட்ட ஜாஷ் கிப்சன், .372 சராசரியோடு ஒரே நாளில் எல்லாக் காலத்துக்குமான முதல் இடத்துக்கு வந்தார். வில்லி மேய்ஸுக்கு 1948இல் அடித்த பத்து அடிகள் கூடின. ஆரனுக்கு ஒன்றும் கூடவில்லை. 1952, வரையறைக்கு வெளியே. அந்தக் காலத்துக் கறுப்பர் லீகுகள் தரம் குறைந்துபோயிருந்தன என்பது அவர்கள் சொல்லும் காரணம். தரம் ஏன் குறைந்தது? நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வெள்ளை அணிகள் எடுத்துக்கொண்டதால். எடுத்ததும் அவர்கள், குறைந்தது என்பதும் அவர்கள். அதனால் ஆரனின் கணக்கு அதே 755தான். 2007இல் பாரி பாண்ட்ஸ் அதையும் தாண்டி 762இல் நின்றார்.

மரியாதைக்கு இப்போது குறைவில்லை. அட்லாண்டாவில் கு கிளக்ஸ் கிளான் தலைவனாக இருந்த ஒரு தளபதியின் பெயரைத் தாங்கியிருந்த பள்ளிக்கு 2021இல் ஆரன் பெயரை வைத்தார்கள். 2024இல் அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. 1973இல் அந்தக் கடிதங்களைச் சுமந்துகொண்டு வந்து சேர்த்த அதே அஞ்சல் துறை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1981இல் முதல்தர லீக் ஆட்டக்காரர்களில் கறுப்பின அமெரிக்கர்கள் 18 விழுக்காட்டுக்கு மேல். 2024 பருவத் தொடக்கத்தில் 6 விழுக்காடு. 2022 உலகத் தொடரில் ரெண்டு அணியிலும் சேர்த்து அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை, 1950க்குப் பிறகு முதல் தடவையாக. சிலையும் தபால்தலையும் கூடக் கூட ஆள் குறைகிறார்கள்.

'ஐ ஹேட் எ ஹேமர்' முழுசையும் தமிழில் கொண்டுவர யாருக்காவது தெம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஜாக்சன்வில் பகுதியும், தட்டு உடைக்கிற பக்கமும், கடிதங்களும் போதும், ஐம்பது அறுபது பக்கம் வரும். வசவுகளை மென்மையாக்காமல் மொழிபெயர்க்கணும். அதுக்கு வேண்டிய தமிழ் வார்த்தைகள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன, எல்லாம் நம்மைப் பார்த்துச் சொன்னவைதானே. ஆட்டத்தின் விதிகளைத் தனியாக ரெண்டு பக்கம் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.